சாந்தமூர்த்தியின் காலடியில் இருந்த பிரேக்

என் தங்கையின் கணவருக்குக் கோபமே வராது. இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். ஒருமுறை வீட்டுக்கு வந்த கேஸ்காரரிடம் சொன்னார். பாவம், அந்த மனிதர் தோளில் சிலிண்டரை வைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நான் வைத்த பெயர் சாந்தமூர்த்தி. அதுதான் நிலைத்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எனக்கு நன்றி வேறு சொன்னார்.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கூரையில் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார், எத்தனையோ பேர் கையில் தேய்ந்து வழுவழுத்துப்போன கியர் குமிழ், கற்க வந்தவர்களின் வியர்வை ஊறிய இருக்கை. அந்தக் காரில் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்து இருக்கையில் உட்காரும் சாந்தமூர்த்திக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்க வந்தவர் பஸ்ஸுக்குக் குறுக்கே வண்டியைத் திருப்பினாலும் இவர் குரல் உயராது. "பரவால்ல, மூச்சை கவனிங்க. ம்... இப்ப ஸ்டியரிங்கை மெதுவா ஒடிங்க" என்பார், கால் அதற்குள் மிதித்திருக்கும். இவர் பொறுமையை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்கு ஒரு வியப்பும் இல்லை. காலடியில் சொந்தமாக ஒரு பிரேக் இருந்தால் எனக்கும்தான் பொறுமை வரும்.

மேஜை நாற்காலி விற்கும் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் தியான வகுப்பு நடக்கும். நடத்துபவர் ஒரு பிக்குணி, பௌத்தப் பெண் துறவி. மழித்த தலை, கறுத்த ஒல்லி உடம்பு, எதையும் இரண்டு தடவை சொல்லாத வாய். அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கோபம் வந்தால் அடக்காதே, ஆடாதே, அது உடம்பில் எங்கே சுடுகிறது என்று உட்கார்ந்து பார் என்றார். நான் பார்த்தேன், பயன் இருந்தது. சாந்தமூர்த்தி அங்கிருந்து எடுத்துவந்தது வார்த்தைகளை மட்டும்தான். பற்று, சமநிலை, விடுதல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் தப்பித்தார்.

சமையலறைத் தொட்டியின் கீழே குழாய் உடைந்து, என் தங்கை மண்டியிட்டு வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மெத்தையில் அமர்ந்திருந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தண்ணி வருது, போகுது. உன் மனசு எதுக்கு அது பின்னாடியே ஓடுது?" என்றார். எங்கள் அப்பா இறந்த அன்று அழுதுகொண்டிருந்தவளிடம், எல்லாம் நிலையில்லாதது என்று எடுத்துச் சொன்னவரும் இவர்தான். நிலையில்லாதது என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் அழுதோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் தனியாக இருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. நாள் முழுக்க வாயைப் பிளந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் இவர் வாய்.

தங்கை ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் இருந்தாள். கறை போக்கும் மருந்து பட்டுப் பட்டு அவள் உள்ளங்கைத் தோல் உரிந்துகொண்டே இருந்தது. இரவு சாப்பிடும்போது உப்பு பட்டால் கையை உதறுவாள். அந்த இல்லத்து வேன் டிரைவர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும், மேற்பார்வையாளர் அம்மா இவளைக் கூப்பிட்டார். பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வர முகம் தெரிந்த ஒருத்தி வேண்டும், மாத முடிவுக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை உனக்குத்தான், இல்லாவிட்டால் வெளியாள் வைப்போம் என்றார். அன்று அவள் படி ஏறி வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அக்கா, இனிமே சோப்புத் தண்ணி கிடையாதுக்கா" என்று உரிந்த கைகளை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

புருஷன் ஊருக்கெல்லாம் கார் சொல்லித் தருகிறவர். இவளுக்கு என்ன கவலை என்றுதான் நானும் நினைத்தேன்.

"என்னங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம் வண்டில கூட்டிட்டுப் போறீங்களா?"

"உனக்கு நான் சொல்லித்தர முடியாது."

"ஏன்?"

"நீ தப்புப் பண்ணுவ. எனக்குக் கோபம் வரும். கோபம் வர்ற இடத்துக்கு நான் போறதில்லன்னு உனக்கே தெரியும்."

அவள் மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். கடைசியில் அவர் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். ஊரில் யார் யார் மேலோ வராத கோபம் தன் மேல் மட்டும் வரும் என்கிறாரே, இது என்ன கணக்கு என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் சொல்ல நினைத்த பதில் அச்சில் ஏற்றத் தகுந்தது அல்ல.

அந்த ஞாயிறு நாங்கள் மூவரும் வகுப்புக்குப் போயிருந்தோம். அன்றைக்கு அன்புத் தியானம். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், நான் நலமாக இருக்கட்டும் என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, நமக்குப் பிரியமானவருக்கு. மூன்றாவது, விருப்பும் இல்லாத வெறுப்பும் இல்லாத யாரோ ஒருவருக்கு. நான்காவது, நம்மை வதைப்பவருக்கு. பிறகுதான் எல்லா உயிர்களுக்கும். மூன்றாவதுதான் கஷ்டம் என்பார் பிக்குணி அம்மா. தினமும் கண்ணில் பட்டும் நாம் பார்க்காமலே போகிறவர் அங்கே வர வேண்டும், அவரும் நம்மைப் போலவே வலியும் ஆசையும் உள்ளவர் என்று மனசுக்குப் புரிய வேண்டும்.

தியானம் முடிந்ததும், மூன்றாவதாக யாரை நினைத்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் தபால்காரரைச் சொன்னார். ஒரு பெண் எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைச் சொன்னாள். நான் எங்கள் தெருமுனையில் செருப்பு தைப்பவரைச் சொன்னேன். சாந்தமூர்த்தியின் முறை வந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நான் என் மனைவிய வெச்சுக்கிட்டேன்ம்மா."

யாரும் பேசவில்லை. தங்கை அவருக்கு அடுத்த மெத்தையில்தான் இருந்தாள். மனிதர் அந்த மௌனத்தைக் கைதட்டல் என்றே நினைத்துவிட்டார்.

"ரொம்ப நாள் பயிற்சிம்மா. இப்ப அவ மேல விருப்பும் இல்ல, வெறுப்பும் இல்ல. பற்று முழுசா விட்டுப்போச்சு."

பிக்குணி அம்மா அவர் பக்கம் திரும்பினார். "இன்னைக்குக் காலைல அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"கேட்டாளா?"

"கேட்டேன்" என்றாள் தங்கை. அதற்கு மேல் சொல்லவில்லை. பரீட்சை அடுத்த வாரம் வியாழக்கிழமை, அதற்குள் ஒரே ஒரு தடவை மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க மட்டும் காட்டித் தாருங்கள் என்று காபிக் கோப்பையோடு நின்று கேட்டிருந்தாள். மாடிப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

"கவனிக்கலம்மா" என்றார் சாந்தமூர்த்தி, ஏதோ கவனிக்காமல் விட்டதே ஒரு யோக சித்தி என்பதுபோல.

"சமநிலைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் பிக்குணி அம்மா. "அது பக்கத்துலயே, அதே முகத்தோட இன்னொண்ணு உக்காந்திருக்கும். அது வெறும் அக்கறையில்லாத்தனம். தூரத்துலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கூட இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். நீங்க மனசைப் பழக்கல. கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கீங்க."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவர் என்னிடம் சொன்னது இது: "அம்மாவுக்கு இன்னும் பக்குவம் வரல, அண்ணி." அதோடு அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த ஆளை நான் வெறுத்திருக்கிறேன், சபித்திருக்கிறேன். அன்றுதான் வெறுக்கக்கூடத் தகுதி இல்லாத ஆள் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை தங்கையை இழுத்துக்கொண்டு ஊரின் இன்னொரு டிரைவிங் பள்ளிக்குப் போனேன். அதை நடத்துகிறவளுக்கு ஊரில் வெடி என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம், நாக்குக்குப் பூட்டே கிடையாது. முதல் நாளே தெருமுனை வரைக்கும் கத்தல் கேட்டது. "ஏம்மா, அது கிளட்சு! மாமியார் காலா, மிதிக்க இவ்வளவு பயப்படற? அமுக்கு! அந்த லாரிக்காரன் உன்னைப் பாத்து ஒதுங்கணுமே தவிர, நீ எதுக்கு ஒதுங்கற?" தங்கை அழுதுகொண்டே ஓட்டினாள். மூன்றாம் நாள் வெடி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பிறகு தன் பையிலிருந்து பருத்திக் கையுறை ஒன்றை எடுத்து, "ஸ்டியரிங் உரசினா எரியும்ல, போட்டுக்கோ, லூசு" என்று திட்டியபடியே மாட்டிவிட்டிருக்கிறாள். அத்தனை வருஷம் கூடவே சாப்பிட்ட மகான் கண்ணில் படாத கை அது.

பரீட்சை நடந்த வியாழக்கிழமை, மேட்டில் வண்டி ஒரு அங்குலம் பின்னால் நழுவியது. பார்த்துக்கொண்டிருந்த நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவள் பிரேக்கை விடாமல், கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜின் உறுமியதும் மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லைசென்ஸ் கிடைத்தது, வேனும் கிடைத்தது. அந்த வாரமே துணிமணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு என்னோடு வந்துவிட்டாள். சாந்தமூர்த்தி தடுக்கவில்லை. வருவதும் போவதும் இயல்பு என்றார். இரண்டு நாள் கழித்து, துவைத்த சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்க மட்டும் படியேறி வந்தார்.

மழைக்காலம் வந்தது. ஒரு மாலை தங்கை, இல்லத்துப் பெரியவர் ஒருவருக்குப் புதுப் பல்செட் பொருத்த எங்கள் டாக்டரிடம் கூட்டி வந்திருந்தாள். திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டாள். நானும் பெரியவரும் பின்னால் இருந்தோம். பஸ் நிறுத்தத்தில், கூரை ஒழுகும் மூலையாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார் சாந்தமூர்த்தி. அவருடைய பயிற்சிக் கார் பழுது பார்க்கப் போயிருந்தது.

வேன் நின்றது. தங்கை கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்க."

ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் சிரித்தார். "என் மேல இருந்த கோபம் போயிடுச்சு போல."

"போயிடுச்சு" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இத்தனை வருஷமா தியானத்துல நாலாவது இடத்துல உங்களைத்தான் வெச்சிருந்தேன். தினமும் ராத்திரி உங்களை மன்னிச்சு மன்னிச்சுத்தான் தூங்குவேன். இப்ப வேணாம். நீங்களும் மூணாவது இடத்துக்கு வந்துட்டீங்க. நான் அந்த மூணாவதை ஒழுங்காத்தான் செய்யறேன். மழைல யார் நின்னாலும் ஏத்திக்குவேன்."

அவரிடம் இருந்த மூன்று வார்த்தைகளில் ஒன்றும் அப்போது உதவவில்லை.

மேட்டுச் சாலையில் சிவப்பு விளக்கு. வேன் சரிவில் நின்றது, பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு நின்றது. பச்சை விழுந்ததும் அவள் கிளட்சை விட, வண்டி ஒரு நூல் பின்னால் அசைந்தது. தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி தொம், தொம். எட்டிப் பார்த்தேன். சாந்தமூர்த்தியின் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. முகம் வெளிறி, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. மூச்சைக் கவனிக்கச் சொல்ல யாரும் இல்லை.

"பாத்து ஓட்டுடி, அறிவில்ல?" என்று கத்தினார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

வேன் மேடேறிவிட்டது. பெரியவர் முன்னால் சாய்ந்து, புதுப் பல்லில் சிக்கிச் சிக்கி, அக்கறையாகச் சொன்னார்: "தம்பி, அங்க பிரேக் இல்லப்பா. காலு வலிக்கப்போகுது, விட்டுடு."

தங்கை கியரை மாற்றினாள். "வழியில ஏறினவரு, தாத்தா. அடுத்த திருப்பத்துல இறங்கிடுவாரு" என்றாள்.