ராஸ்பெர்ரிக்குக் கலந்த சாம்பல்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அவசரம் அதைவிட ஜாஸ்தி. கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த ராஸ்பெர்ரிச் செடிகள் இரண்டை அந்த அவசரம்தான் கொன்றது. கொல்லைக் களிமண்ணை அப்படியே பெயிண்ட் வாளியில் கொட்டி நட்டேன். ஒரே மழையில் வேர் அழுகி நாறிப்போனது. மூன்றாவது செடியைக் கொடுக்கும்போதே மலைக்காரர் கண்டித்து அனுப்பினார்: "தண்ணி ஊத்துனா அந்தாண்ட ஓடிடணும். வேர்ல நின்னுதுன்னா செத்துடும், ஆமா."

அதனால் தேங்காய் நார்த்தூள், ஆற்று மணல், உடைத்த செங்கல், மூங்கில்துறைப்பட்டிலிருந்து வாங்கிவந்த கரும்பாலைச் சாம்பல் எல்லாம் சேர்த்து வைத்தேன். சாம்பல் பறந்து வீடெல்லாம் கரியாகுமே என்று மூன்று மண்பானைகளில் அடைத்து, வாயைப் பழந்துணியால் கட்டிக் கொல்லைக் கொட்டகையில் வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் என் தங்கையின் கணவர் இறந்தார். கடைசி ஆறு மாதமும் எங்கள் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தார். நெஞ்சில் சளி, மூச்சு விடும்போதெல்லாம் கொர்கொர் என்று சத்தம். எரித்த மறுநாள் எலும்பையும் சாம்பலையும் ஒரு மண்பானையில் போட்டு, மஞ்சள் தடவிய துணியால் வாயைக் கட்டி எடுத்துவந்தோம். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதல்லவா? கொல்லை முருங்கையில் கட்டித் தொங்கவிட்டோம். துபாயிலிருந்து அவருடைய அண்ணன் வந்ததும் கடலூர் கடலில் கரைப்பதாக ஏற்பாடு.

தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவரு ஒழுங்கா கடலுக்குப் போய்ச் சேந்துடணும்ணா. கெடந்து கெடந்து கஷ்டப்பட்டாரு. நடுவுல எங்கியும் நின்னுடக் கூடாது." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பேய்மழை. முருங்கைக் கிளை முறிந்துவிடுமோ என்று பயந்து அவளே பானையை இறக்கிக் கொட்டகையில் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில், கடலூருக்குப் போக வேன் வருவதற்குள் செடியை நட்டுவிடலாம் என்று, மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல், கைக்குக் கிடைத்த பானையை அவிழ்த்துக் கொட்டி, கலந்து, நட்டு, தண்ணீரும் ஊற்றிவிட்டேன். கலக்கும்போது வெள்ளைத் துண்டுகள் தட்டுப்பட்டன. சுண்ணாம்புக்கல் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு, அவிழ்த்த துணியில் துடைக்கப்போனபோதுதான் அதில் மஞ்சள் தடவியிருப்பதைப் பார்த்தேன்.

ஐயோ! இந்தக் கையை வெட்டிப்போட வேண்டும். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பக்கத்துப் பானையிலிருந்து ஆலைச் சாம்பலை அள்ளி அந்த வெறும் பானையில் போட்டு, அதே மஞ்சள் துணியால் கட்டினேன். தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டு கடலூர்வரை வந்தாள். அவருடைய அண்ணன் கடலில் கொட்டினார். அவள் பக்கத்திலேயே நின்று கும்பிட்டாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

செடி பிழைத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி வெயிலில் அது பிழைத்திருக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றினால் கடகடவென்று வடிந்து, கடைசியில் வாளியின் ஓட்டையில் கொர்கொர் என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது செம்பைக் கீழே போட்டுவிட்டேன். வெயில் ஒரு பக்கம் இருக்க, செடி நிழல் பக்கம், தங்கையின் அறை ஜன்னலை நோக்கிச் சாய்ந்தது. வாளியைத் திருப்பி வைத்தேன். பத்தே நாளில் மறுபடியும் ஜன்னல் பக்கம். பயத்தில் நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன். அதன்பிறகு அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, வடிந்து முடிகிறவரை வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பாள்.

மறுவருஷம் மாசியில் காய்த்தது. ஒரே பழம், நல்ல சிவப்பு. பறித்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"சாப்டுண்ணா."

"எனக்கு வேணாம்மா. நீ சாப்டு."

"இன்னாத்துக்குண்ணா பயப்படற?" குரலில் கோபமே இல்லை. "மழைல பானைய எறக்கும்போது, கடைசியா ஒருவாட்டி பாத்துக்கலாம்னு தெறந்து பாத்தேன். வெள்ளையா இருந்தாரு. கடல்ல கொட்டுனது கறுப்பா இருந்திச்சி."

"தெரிஞ்சிக்கினேவா... அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா, எல்லாருமா சேந்து அவரத் தோண்டி எடுத்துக்கினு போயிருப்பீங்களே," என்றாள்.

பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, செம்பை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.