புதன்கிழமை முறைத்தண்ணி

எழுபதுகள்ல ஒரு தை மாசம். முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளைச் சுத்திப் போற ரோட்டுல மோட்டார் சைக்கிள் பந்தயம் வெச்சாங்க. ஞாயித்துக்கிழமை பந்தயம், அதுக்கு முந்தின ஆறு நாளும் விடியக்காலம், லாரி வர்றதுக்குள்ள, ஓட்டிப் பழகிக்கலாம்னு உட்டாங்க. எனக்கும் என்ற மாமன் மகனுக்கும் சேர்த்து ஒரே வண்டி. ரெண்டு பேரும் பேர் குடுத்தாச்சு. சனிக்கிழமைக்குள்ள ஒரு சுத்தை எவன் வெரசா முடிக்கறானோ அவன் ஞாயித்துக்கிழமை ஓட்டறது, இன்னொருத்தன் வாயைத் தொறக்காம ஓரமா நிக்கறது. இதுதான் எங்களுக்குள்ள பேச்சு. மச்சானுக்கு ஊரு கோபாலபுரம். அந்த வாரம் எங்க ஊட்டுலதான் தங்கியிருந்தான்.

அந்த நாளுகளை இப்ப நெனச்சாலும் தூக்கத்துல பாத்த மாதிரியேதான் இருக்குதுங்க. பனி எறங்கியிருக்கும். ரோடு எங்க முடியுது, வெள்ளாமைக் காடு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. மாம்பூ வாசம் மூக்குல ஏறி நெஞ்சு வரைக்கும் இனிக்கும். தோப்பு தாண்டினதும் கணவாய்க் காத்து பக்கவாட்டுல வந்து ஒரு தள்ளுத் தள்ளும். வெளியூர்க்காரங்க அங்க பயந்து ஆக்ஸிலேட்டரை உட்டுருவாங்க. எங்களுக்கு அது பொறந்ததுல இருந்து அடிக்கற காத்து. தோளைச் சாச்சுக் குடுத்தா அதுவே நம்மளைத் தூக்கிட்டுப் போகும். அந்த வாரம் பூரா நான் மண்ணுல இல்லீங்க. சோத்துல கை வெச்சாக் கண்ணுக்குள்ள ரோட்டு வளைவு, குளிக்கப் போனா வளைவு. "ஏனுங்க, உங்க ஊட்டுப் பையனுக்குப் பேய் கீய் புடிச்சிருக்குதா?"ன்னு பக்கத்துக் காட்டுக்காரர் எங்க அப்பாகிட்டயே கேட்டுட்டாரு.

புதன்கிழமை எங்க முறைத்தண்ணி. எங்க பக்கம் வாய்க்காத் தண்ணி ஆளுக்கு இத்தனை மணி நேரம்னு முறை வெச்சுத்தான் வரும். அந்த நேரத்துல மம்முட்டியோட கூடவே நிக்கோணும். ஒரு பாத்தி நெறஞ்சதும் மடையை அடைச்சு அடுத்த பாத்திக்குத் திருப்போணும். கொஞ்சம் கண்ணசந்தா தண்ணி வரப்பேறி ரோட்டுக்குப் போயிரும். எங்க கடலைக் காடு இருந்ததோ, பந்தயத்தோட கடைசி வளைவுல. நான் விடியறதுக்கு முந்தியே போய் மொதப் பாத்திக்கு மடையைத் தொறந்து உட்டேன். அதுக்குள்ள அக்கட்ட ரோட்டுல வண்டிக கெளம்பற சத்தம். மம்முட்டியை வரப்புலயே போட்டுட்டு ஓடுனேன். அட, அதோட தண்ணியை மறந்தே போயிட்டேன்!

மொதல்ல நான் ஓட்டுனேன். அப்புறம் மச்சான் ஏறுனான். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார்கிட்ட எரவல் வாங்குன ஸ்டாப்வாட்ச் என்ற கையில. ஒரு சுத்து முடிச்சு என்னையத் தாண்டிப் போனான். முள்ளைப் பார்த்தேன். என்னைய விட மூணு செகண்டு கம்மி. வவுறு எரிஞ்சுதுங்க, பொய் சொல்லல. ரெண்டாஞ் சுத்துல கடைசி வளைவு வரைக்கும் சத்தம் வந்தது. அப்புறம் வரல.

ஓடிப் போய்ப் பார்த்தா ரோடு பூராத் தண்ணி. வெளுக்கற வானம் அதுக்குள்ள கெடந்தது. வண்டி ஒருபக்கம், மச்சான் ஒருபக்கம். இடது காரை எலும்பு முறிஞ்சிருச்சு. தூக்குனவங்க எல்லாம் வெளியூரு. யாரு காடுன்னு அவங்களுக்கும் தெரியாது, கோபாலபுரத்து மச்சானுக்கும் தெரியாது. "எவன்டா மடையைத் தொறந்து உட்டவன்?"னு கத்துனாங்க. நானும் கூடச் சேர்ந்து கத்துனேன். இப்ப எழுதறப்பக்கூட என்ற மூஞ்சியில நானே துப்பிக்கலாம்னு இருக்குது.

வண்டிக்குப் பெருசா ஒண்ணுமில்ல. இனி நாந்தான் ஓட்டோணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. வியாழனும் வெள்ளியும் ஓட்டுனேன். அதே பனி, அதே வாசம். ரோடு காஞ்சு போச்சு, ஆனா அந்த வளைவு வந்தாக் கை தானா ஆக்ஸிலேட்டரை உட்டுருது. ஊட்டுக்கு வந்தா மச்சான், கட்டுப் போட்ட தோளோட, "பயப்படாம ஓட்டு மாப்ள"ங்கறான்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கட்டில்கிட்ட உக்காந்து சொல்லிட்டேன். மடை, மறதி, கூடச் சேர்ந்து கத்துனது, எல்லாத்தையும். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தாத் தேவலை. அவன், "அது கெடக்குது. மொதச் சுத்துல நான் எவ்வளவு?"ன்னான்.

பொய் சொல்லியிருக்கலாம். வாட்சைப் பார்த்தது நான் ஒருத்தந்தான்.

"என்னைய விட மூணு செகண்டு கம்மி, மச்சான்."

எலும்பைக் கூட்டறப்பக்கூட அழாதவன், செவுத்துப் பக்கம் திரும்பிட்டு அழுதான். நான் அவன் காலைப் புடிச்சுட்டே உக்காந்திருந்தேன். கண்ணைத் தொடச்சுட்டு, "நாளைக்கு நீ போடா"ன்னான்.

"பேச்சுப்படி ஓட்ட வேண்டியவன் நீதான். நான் போகமாட்டேன்."

ஞாயித்துக்கிழமை வண்டி எங்க மாட்டுக் கொட்டாயில நின்னுது. நான் அவன் பக்கத்துல இருந்தேன். ஒவ்வொரு வண்டியும் கடைசி வளைவுக்கு வர்ற சத்தம் சன்னல் வழியா நல்லாவே கேட்டுது. மச்சான் கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தான். போர்வைக்கு மேல அவனோட வலது கை மட்டும், ஒவ்வொரு தடவையும், ஆக்ஸிலேட்டரை முழுசாத் திருகிட்டே இருந்தது.