சகாயராஜ் விழுந்த இடம்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் ஜோஸ்பின் பத்தொன்பது வருடமாக அச்சு ஊற்றுகிறாள். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிவிட்டு, ஓரம் இறுகும்வரை காத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும். முந்தினால் பொம்மை சப்பிப்போகும். பிந்தினால் சூளையில் வெடிக்கும். இத்தனை வருடத்தில் அவள் கெடுத்த அச்சுகள் மிகக் குறைவு. காத்திருக்கத் தெரிந்தவள் என்று பட்டறை முதலாளி மாணிக்கவேல் மற்றவர்களிடம் சொல்வார்.

அவள் கணவன் சகாயராஜும் அதே பட்டறையில் சூளைக்காரனாக இருந்தவன்தான். விறகுச் சூளை போய் கேஸ் சூளை வந்தபோது வேலை போயிற்று. கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்த கொளஞ்சிநாதனோடு சேர்ந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு குப்பத்துக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். நெல் வயலையும் சூளையையும் தவிர வேறு பார்க்காதவன் ஆறே மாதத்தில் கடலுக்குப் பழகிவிட்டான். சாமிதுரை என்பவரின் ஃபைபர் படகில் எட்டு வருடம் ஓடினான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி வீட்டுக்கு வருவான். சாமிதுரை அண்ணன் என்று ஜோஸ்பினும் மரியாதையாகத்தான் சொல்வாள். மகள் ஜெனிபருக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை, கொடுத்தபோது அவர் ஒரு கூடை வஞ்சிரம் கொண்டுவந்தார்.

ஒரு மாசி மாதக் காலையில் சகாயராஜ் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. அறுபது படகுகள் இரண்டு நாள் தேடின. மூன்றாம் நாள் சாமிதுரை விருத்தாசலம் வந்து, வேதக்கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் ஜோஸ்பினிடம் சொன்னார்.

"என்னம்மா பண்றது, உன் வூட்டுக்காரன் குடிச்சிருந்தான். வலைய இழுக்கறப்ப தடுமாறி வுழுந்துட்டான்."

சகாயராஜ் ஜெனிபரின் புதுநன்மை நாளிலிருந்து குடியைத் தொட்டதில்லை. இது ஜோஸ்பினுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. பூசைக்கு வந்தவர்கள் அதன்பிறகு அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் பாதியாகக் குறைந்துபோயிருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிநாதன் வந்தான். அன்று படகில் இருந்த மூன்றாவது ஆள் அவன். வாசலிலேயே நின்றான். டீ போட்டுக் கொடுத்தாள், குடிக்கவில்லை.

"அக்கா, அண்ணன் வுழுந்தது அங்க இல்ல" என்றான்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கடலுக்கடியில் கல்லும் பாறையுமாக மேடிட்டிருக்கும் இடத்துக்கு மீனவர் பேச்சில் ‘பார்’ என்று பெயர். மீன் அங்கேதான் அடையும். யாருக்கும் தெரியாத ஒரு பார் சாமிதுரைக்குத் தெரியும். பெரிய கல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். வேறு படகு தென்பட்டால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். அவர் வீடும் இரண்டாவது படகும் அந்தக் கல்லிலிருந்து வந்தவை. அன்றைக்கு அதன் மேல்தான் வலை போட்டிருந்தார்கள். கயிறு காலில் சுற்றி சகாயராஜ் உள்ளே போனான். ஒருமுறை தலை தெரிந்தது. கொளஞ்சிநாதன் வயர்லெஸ்ஸை எடுத்தான். சாமிதுரை அதைப் பிடுங்கிக்கொண்டார். கையில் ஜி.பி.எஸ். இருந்தது, இடத்தைக் குறிக்கும் பொத்தானையும் அமுக்கவில்லை. இருவரும் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு சாமிதுரை படகைத் தெற்கே நாலு மைல் ஓட்டிக்கொண்டுபோய், அங்கிருந்து மற்ற படகுகளைக் கூப்பிட்டார். அதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அறுபது படகும் இரண்டு நாளும் தேடியது அந்தத் தெற்குத் தண்ணீரை.

"கூப்பிட்டா எல்லாரும் பெரிய கல்லுக்கு வந்துருவாங்க இல்லக்கா. அதுக்குத்தான்."

நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். பயம் என்றான். போலீசில் எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டாள். அவன் திரும்பித் தெருவில் இறங்கினான். அவன் போன பிறகு அந்த டீயை வாசலில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் பட்டறையில் பாஞ்சாலையிடம் மட்டும் சொன்னாள். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் பாஞ்சாலை. கேட்டதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் காகிதத்தில் பிராது எழுதிக் கட்டு, தொண்ணூறு நாளில் கேட்டுவிடுவார், உங்கள் வேதக்காரர்களும் வந்து கட்டுகிறார்கள் என்றாள்.

"சாமி பாத்துக்குவாருன்னு வுட்டா எனக்கு ஆறாது பாஞ்சால. நானே பாத்துக்கறேன்."

என்ன செய்யப்போகிறாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. வீட்டில் சகாயராஜின் பழைய டைரி இருந்தது. சாமிதுரைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் வலை போட்ட இடங்களின் எண்களை எழுதிவைப்பது சகாயராஜின் வேலை. பக்கம் பக்கமாக எண்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு அடையாளப் பெயர். முப்பத்தோராம் பக்கத்தில் பெரிய கல் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாமிதுரை எதைக் காப்பாற்ற அவள் கணவனை விட்டுவிட்டு வந்தாரோ, அது இப்போது அவள் மடியில் இருந்தது.

அந்த எண் சரிதானா என்று நேரில் போய்ப் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று முடிவு செய்தாள். அதற்குக் கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். ஒன்று வேண்டும். போனிலேயே பார்க்கலாமே அம்மா என்றாள் ஜெனிபர். ஜோஸ்பின் கொளஞ்சிநாதனிடம் கேட்டாள். உப்புத் தண்ணீர் பட்டால் போன் ஒரு வாரம் தாங்காது, வெயிலில் எழுத்து தெரியாது, இதற்கென்று தனியாக ஒன்று இருப்பதுதான் நல்லது என்றான்.

கடலூர் முதுநகரில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடையில் ஜி.பி.எஸ். கருவிகளும் இருந்தன. கடைக்காரர் நந்தகுமார், யாரோ மீன்காரர் வீட்டுப் பெண் என்று நினைத்துப் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தார். தொட்டால் நகரும் கலர் திரை, உள்ளே மேப்பு. ஜோஸ்பின் குடிக்க வைத்திருந்த சொம்பில் கையை நனைத்துத் திரையைத் தொட்டாள். படம் எங்கோ தாவியது. வேண்டாம் என்றாள். அடுத்தது சிறியது, விலை குறைவு. வயர் குத்தி சார்ஜ் ஏற்ற வேண்டும்.

"படகுல எங்கங்க குத்துறது?"

நந்தகுமார் அதற்குப் பிறகுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிற விளிம்பு, பொத்தான்கள், சாதாரண பேட்டரி இரண்டு. பேட்டரி தீர்ந்தால் கடலிலேயே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அமிழ்ந்து, மேலே வந்து மிதந்தது. அவள் அதை உச்சிவெயிலில் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். எழுத்து கறுப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது. கடைசியாக, ஆள் தண்ணீரில் விழுந்தால் இடத்தைக் குறிக்க எது என்று கேட்டாள். ஒரு பொத்தானைக் காட்டி, அமுக்கிப் பிடித்தால் போதும் என்றார்.

"எத்தினி நேரம் புடிக்கணும்?"

"ரெண்டு செகண்டும்மா."

அவள் அதை அமுக்கிப் பிடித்து வாய்க்குள் எண்ணினாள். திரையில் இடம் பதிவானது. அதையே கட்டித் தரச் சொன்னாள்.

வாங்கிய பிறகும் அவள் அவசரப்படவில்லை. கோயில் கேட்டைக் குறித்துக்கொண்டாள், பட்டறையைக் குறித்துக்கொண்டாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி நடந்து வந்து எத்தனை அடி பிசகுகிறது என்று பார்த்தாள். நாலைந்து அடிக்கு மேல் பிசகவில்லை. டைரியின் முதல் பக்கத்தில் குப்பத்தின் படகுத் துறைக்கும் ஒரு எண் இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுப் போய் அந்தத் துறையில் நின்று எண்ணைப் போட்டாள். துறை இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகக் காட்டியது. நேராக நந்தகுமாரிடம் போனாள். அவர் டைரியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். சகாயராஜ் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்து, நிமிடத்தின் பின்னமாக எழுதியிருந்தான். இந்தக் கருவியோ அதை விநாடி என்று எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு அமைப்பை மாற்றினார். துறை துறையிலேயே வந்து நின்றது. இதைச் சரிபார்க்காமல் போயிருந்தால் இரண்டாவது முறையும் வேறு தண்ணீரில் தேடியிருப்போம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

படகு கேட்டுப் பக்கத்துக் குப்பத்து நீலாவதியிடம் போனாள். சொந்தமாகப் படகு வைத்து, ஆள் போட்டு ஓட்டுகிற பெண். சாமிதுரையோடு அவளுக்கு ஆகாது. விஷயத்தைக் கேட்டதும், தானும் வருவதாகச் சொன்னாள். தை மாதம் கடல் அடங்கியிருந்த ஒரு நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். கொளஞ்சிநாதனும் வந்தான். வழியில் ஜோஸ்பின் மூன்று முறை வாந்தி எடுத்தாள். கருவியைக் கையைவிட்டு இறக்கவில்லை. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தியபோது கொளஞ்சிநாதன் எழுந்து சுற்றும் பார்த்தான். இதுதான் என்று சொல்லிவிட்டு அழுதான். நீலாவதியின் ஆட்கள் தூண்டில் இறக்கினார்கள். இறக்கிய தூண்டிலெல்லாம் மீனோடு வந்தது.

ஜோஸ்பின் அழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீர்தான், மற்ற இடத்தைப் போலவே இருந்தது. பொத்தானை அமுக்கி இடத்தைப் பதித்து, அதற்குச் சகாயராஜ் என்று பெயர் வைத்தாள்.

திரும்பி வந்ததும் மாணிக்கவேலிடம், சூளையில் தனக்கு ஒரு தட்டு இடம் வேண்டும் என்று கேட்டாள். என்ன என்று அவர் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு இருக்கிற எடத்தோட நம்பருங்க. அறுபது எழுபது பேருக்குக் குடுக்கணும்."

அவர் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தார். உள்ளங்கை அளவில் எழுபது பீங்கான் வில்லைகள் செய்தாள். பாஞ்சாலை ஒவ்வொன்றிலும் நீல மையில் சகாயராஜின் பெயரையும் விழுந்த தேதியையும் அந்த எண்ணையும் எழுதினாள். மேலே கண்ணாடிபோல் இறுகும் கிளேஸ் பூசிச் சுட்டார்கள். காகிதமாக இருந்தால் கிழியும், நனையும், சாமிதுரை பிடுங்கி எரித்துவிடுவார். சுட்ட பீங்கானில் உள்ள எழுத்தை எந்தத் தண்ணீராலும் அழிக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலை மீன் ஏலம் நடக்கும் கொட்டகைக்குப் போய், படகுக்கு ஒன்று என்று கொடுத்தாள். சாமிதுரை எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள். அவருக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். எண்ணைப் படிக்கக் கேட்டதும் சாமிதுரையின் முகம் போன போக்கை அவள் கடைசிவரை நின்று பார்த்தாள். இதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தது என்று தோன்றியது.

அடுத்த நாளே முப்பது படகுகள் பெரிய கல்லுக்குப் போயின. அந்த வாரக் கடைசியில் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் வந்தன. சாமிதுரை விருத்தாசலத்துக்குத் தேடி வந்தார். ஜோஸ்பின் அவரை உட்காரச் சொல்லவில்லை. அண்ணே என்றும் கூப்பிடவில்லை.

"ஏம்மா, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே. பன்னெண்டு வருசமா காப்பாத்துன எடம்" என்றார்.

"என் வூட்டுக்காரருக்கு நாப்பது நிமிசம் இருந்துதுங்க. அதக் காப்பாத்தல நீங்க."

அவர், கல்லில் மீன் போய்விடும், எண் தப்பு என்று சொல்லிவிடு, நீ கேட்டதைச் செய்கிறேன் என்று இறங்கிப் பேசினார். அவன் குடிக்கவில்லை என்பதையும், எங்கே விழுந்தான், எங்கிருந்து கூப்பிட்டேன் என்பதையும் ஏலக் கொட்டகையில் நின்று சொல்லுங்கள் என்றாள். அதைச் சொன்னால் நான் ஊரில் இருக்க முடியாதே என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் சொல்லவில்லை. ஆனால் வில்லையில் இருந்த பெயரையும் தேதியையும் ஊர் படித்துவிட்டது. தெற்கே விழுந்தவனுக்கு வடக்கே எதற்கு எண் என்று கேள்வி கிளம்பியது. ஊர்ப் பஞ்சாயத்து கூடிக் கேட்டபோது கொளஞ்சிநாதன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு நாள் எரிபொருளைக் கொட்டி வேறு இடத்தில் தேடியவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து சாமிதுரையின் படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. இரண்டு படகும் மணலில் கிடந்தன. பிறகு மகன் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. கொளஞ்சிநாதன் போலீசிலும் எழுதிக் கொடுத்தான். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

பெரிய கல் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. இத்தனை படகுகள் இறங்கினால் எந்தப் பாரும் தாங்காது. வலைகள் கிழிந்து கல்லில் சிக்கிக் கிடப்பதாகவும், இப்போது அங்கே சும்மா போய்வருவதற்குத்தான் செலவு என்றும் நீலாவதி சொன்னாள். இப்படி ஆகும் என்று தெரியாதா என்று சற்றுக் கோபமாகவே கேட்டாள். தெரிந்துதான் செய்தேன் என்றாள் ஜோஸ்பின்.

இந்த வருடம் தவக்காலத்தில் பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்த மனிதரை மன்னித்துவிட்டாயா என்று அவர் கேட்டார்.

"அந்தப் பாரு அழிஞ்சதுக்கு வருத்தமா இருக்குதுங்க சாமி. பாவம், மீனு என்னா பண்ணும். அந்தாள மன்னிக்க இன்னும் மனசு வரலீங்க."

அது வரும்போது வா என்றார் அவர். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பட்டறையில் அன்றைக்கு இருநூறு அச்சு ஊற்ற வேண்டியிருந்தது.