கடைக்குள் ஒரு ரோடு

அவிநாசி சாலையில் ஒரு சிக்னலை ஒட்டி இருந்தது அந்த பேக்கரி. நடத்தியவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. முழங்கைவரை மைதா மாவு, மூக்கில் பெரிய மூக்குத்தி. சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் அவர் கடைத் தரையின் நடுவே மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

டீயை வாங்கிக்கொண்டு வாசல் பக்கமாக நின்றேன்.

"ஏனுங்க, ரோட்டுல நிக்கறீங்க. உள்ள வாங்க" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றேன். பெஞ்சும் பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியும் ஏற்கெனவே கோட்டுக்கு உட்புறம் நகர்ந்திருந்தன. வாசலுக்கு வரும்போதெல்லாம் கோட்டருகே நின்று, வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் அவர் தாண்டினார்.

"பாதிக் கடை போகுதே, வருத்தமில்லைங்களா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமுங்களா? ஆனா இந்த சிக்னல்ல ஆம்புலன்ஸ் மாட்டிக்கிட்டுக் கத்துனா, எனக்கு மாவு பிசையற கை நின்னுபோகுதுங்க. ரோடு அகலமாகி பாலமும் வந்துட்டா, அந்த வண்டி நிக்காமப் போயிருமுங்க."

கிளம்பும்போது கோட்டருகே என் கால் தானாக நின்றது. வலப்பக்கம் காலண்டர் தொங்கும் சுவர்தான். ஆனாலும் ஆம்புலன்ஸ் ஏதும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன்.