இருமடங்கு பெரிதாக்கிய நகல்

ஜெராக்ஸ் அக்காவுக்கு மறதி அதிகம். யார் எத்தனை நகல் கேட்டார்கள், யாருடைய அட்டை மெஷின் மூடிக்குள்ளேயே கிடக்கிறது, ஒன்றும் நினைவில் நிற்காது. வன்மம் மட்டும் அப்படியே நிற்கும். பெண் பார்க்க வந்த அன்று நாத்தனார், "பொண்ணு நடையே சரியில்ல" என்றதை, பதினோரு வருஷம் கழித்தும் கிழமையோடு சொல்வாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வாயைக் கொடுத்தாள் என்றால், டீச்சருக்குப் போதாத காலம், வேறென்ன.

அக்காவுக்கு ஒரே மகள். ஆள் அத்தனை பொடிசு என்பதால் வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆறு வயதாகியும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினாள்: 'இந்தக் குழந்தை மந்தம். வீட்டிலும் கவனிப்பார் இல்லை.' என்ன ஏதென்று கேட்கப் போனவளிடம், பள்ளி வாசலில் நின்ற அம்மாக்கள் காதிலும் விழும்படி, "ஜெராக்ஸ் கடைக்காரங்களுக்கு பேப்பர் ஓட்டத்தானே தெரியும். அதுல என்ன இருக்குன்னு எங்க தெரியப்போகுது" என்றாள். அம்மாக்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதும் அக்காவுக்கு இன்றுவரை மனப்பாடம்.

நேரே கடைக்கு வந்தாள். டைரியின் அந்தப் பக்கத்தை மெஷினில் வைத்து, இருமடங்கு பெரிதாக்கி ஒரு நகல் எடுத்தாள். நாலாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"அவ எழுதினதை என் பொண்ணு வாயாலயே அவளுக்கு வாசிச்சுக் காட்டணும். அதே வாசல்ல. அன்னிக்குத்தான் எனக்கு வயிறு குளிரும்" என்றாள் புருஷனிடம்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், நிதானமான மனுஷர். "புள்ள படிச்சா போதும்ல, அதை விடேன்" என்றார்.

"விடவா?" என்று திரும்பினாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வழி தானாக வந்தது. யாரோ ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றை நாற்பது படி போடச் சொன்னார்கள். அக்காவின் மறதியில் நாற்பத்தொன்று விழுந்தது. மீந்த படியைப் புரட்டினாள். எழுத்தை வரிசையாக ஒப்பிக்க விடாதே, ஒவ்வொன்றுக்கும் அதன் சத்தத்தைக் காதில் போடு, பிறகு சத்தங்களைச் சேர்க்கச் சொல் என்று இருந்தது. அன்றைக்கே ஒரு தாளில் 'ப' என்று எழுதி நீட்டினாள். மிளகு உதட்டுக்குள் "க, ங, ச, ஞ" என்று முணுமுணுத்து, விரல் விரலாக மடக்கி, ஒன்பதாவது விரலில் "ப" என்றாள்.

"அடிப்பாவி, ஒரு எழுத்துக்கு இத்தனை ஸ்டாப்பிங்கா?" என்று சிரித்தாள் அக்கா. சிரித்த கையோடு ஆத்திரம் வந்தது. குழந்தை பாட்டாகப் படித்ததைப் பாட்டாகவே தேடுகிறது. தினமும் வகுப்பில் கூடவே இருக்கிற டீச்சருக்கு இது கண்ணில் படவில்லை, மந்தமாம்!

மையடித்து வீணான தாள்களைச் சீட்டுகளாக வெட்டினாள். வாரத்துக்கு நாலு சத்தம். தினம் கடையில் பத்து நிமிஷம், வாடிக்கையாளர் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். உதட்டை மூடினால் 'ம்', நாக்கை மடித்தால் 'ட'. பிறகு ஒட்டவைத்தாள்: ப, ட, ம். படம்.

ஒரு வியாதி மட்டும் போகவில்லை. முதல் சத்தம் சொன்னதும் மிளகு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். "பழமா? பட்டமா?" முகம் மலர்கிற வரைக்கும் ஊகித்துக்கொண்டே போவாள்.

"என் மூஞ்சில ஒண்ணும் எழுதல. பேப்பரைப் பாரு" என்று அக்கா ஒரு வெள்ளைத்தாளைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "ஆரம்பிச்சா கடைசி எழுத்து வரைக்கும் போகணும். நடுவுல என்னைப் பார்க்கக் கூடாது."

எட்டு மாதத்தில் மிளகு மைப்பெட்டியின் மேல் இருந்ததை வாசித்தாள், கடைப் பலகையை வாசித்தாள், அப்பா கொண்டுவந்த 'பழுது, ஏறாதீர்கள்' அட்டையை வாசித்து, கட்டிலில் மாட்டிவைத்து அவரை ஏறவிடவில்லை. அவர் தூக்கிச் சுற்றினார். அக்காவுக்கும் நெஞ்சு நிறையத்தான் செய்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும், "இரு டீச்சர், வர்றேன்" என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பூட்டிய தாளை மகளுக்குக் காட்டவே இல்லை. காட்டினால் மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறது என்று டீச்சர் சொல்லிவிடுவாளே!

மதிப்பெண் அட்டை கொடுக்கிற நாள். அதே வாசல், அநேகமாக அதே அம்மாக்கள்.

"டீச்சர், என் பொண்ணு ஒரு பக்கம் வாசிக்கட்டும், கேளுங்க. அவ இதுவரைக்கும் பார்க்காத பக்கம்" என்று தாளைப் பிரித்து மிளகின் கையில் கொடுத்தாள். டீச்சருக்குத் தன் கையெழுத்து தெரியாதா? முகம் சுண்டியது. எட்டு மாதம் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். அக்கா அதை ஆசை தீரப் பார்த்தாள்.

"இ...ந்...தக். இந்தக்" என்றாள் மிளகு. "கு...ழ...ந்...தை. குழந்தை."

"போதும்மா, நல்லாவே படிக்கிற" என்று டீச்சர் கையை நீட்டினாள்.

"இருங்க டீச்சர். முழுசா வாசிக்கட்டும்" என்றாள் அக்கா.

"ம...ந்...த...ம்."

மிளகு சத்தங்களைச் சேர்த்தாள். சேர்த்ததை வெளியே சொல்லவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்து டீச்சர் தினம் சொல்கிற சொல்தான் அது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் நடுவில் நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் குழந்தைம்மா?"

அக்காவின் கையில் மறைத்துக்கொள்ள ஒரு தாளும் இல்லை. மிளகு அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வந்த மடிப்பிலேயே தாளை நாலாக மடித்து அம்மாவிடம் நீட்டினாள்.

"மிச்சத்தை நீயே படிச்சுக்கோ" என்றாள்.