பத்துப் பேருக்கு விளங்க வேண்டிய ஒரு சொல்

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்காக நிற்பவனுக்குப் பந்து எறியத் தெரிவது பாதி வேலைதான். மீதிப் பாதி, எதிரிக்கு விளங்காமலும் தன் ஆட்களுக்கு விளங்கும்படியும் கத்துவது. என் விஷயத்தில் அது பெரும்பாலும் மறுவளமாகவே நடந்தது.

தொண்ணூறுகளில், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், கிழமை நாட்களில் ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கூத்து. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடிய தோள் என்னுடையது. பூங்காவில் நான் பந்து எறிவதைப் பார்த்துவிட்டு மைக் என்னைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் ஒரு முன்னாள் அமெரிக்கச் சிப்பாய், எங்கள் குழுவின் பயிற்சியாளர்.

ஆட்டம் இதுதான். இரண்டு குழுவும் ஒரு கோட்டுக்கு இரு பக்கமும் குனிந்து நிற்கும். பந்தை எந்தப் பக்கம் கொண்டு ஓடுவது என்று எங்கள் ஆட்களுக்கு முன்பே சொல்லியாயிற்று. நான் வந்து பார்க்கும்போது எதிரிகள் அதே பக்கம் குவிந்து நின்றால், ஒரே சொல்லில் திட்டத்தை மாற்ற வேண்டும். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, அலுவலகக்காரரின் ஒரு சொல்லுக்காக ஐந்து வருடம் காத்திருந்தவன் நான். என் சொல்லுக்காகப் பத்துப் பேர் குனிந்து காத்திருப்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. அதனால்தான் இவ்வளவு எரிச்சல். ஒரே விஷயத்தை மூன்று தரம் விளங்கப்படுத்தி, நான்காம் தரமும் பிழையாகிப்போகக் கண்டவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

சிவப்பு

முதல் ஏற்பாடு நிறங்கள். நான் ‘ரோட்’, அதாவது சிவப்பு என்று கத்தினால் பழைய திட்டம் ரத்து. பின்னால் வரும் எண்தான் புதுத் திட்டம். வேறு எந்த நிறம் கத்தினாலும் அது எதிரியைக் குழப்புவதற்கு மட்டுமே. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்றார் மைக். ஹோர்ஸ்ட் சின்னப் பிள்ளையில்லை. லாரி ஓட்டுநர், நூற்று முப்பது கிலோ, எனக்கு முன்னால் சுவர்போல நிற்க வேண்டியவர்.

முதல் போட்டியிலேயே எதிரிகளுக்குச் சிவப்புச் சட்டை. அவர்களுடைய ஆதரவாளர்கள் “ரோட்! ரோட்!” என்று ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் திட்டம் வலது பக்கம்; பதினான்கு என்றால் இடது. எதிரியைக் குழப்ப நான் “நீலம், பதினான்கு” என்று கத்தினேன். ஹோர்ஸ்ட் இடது பக்கம் ஓடினார், மற்றவர்கள் வலது பக்கம் ஓடினார்கள், நடுவில் தனியாக நின்ற என்மீது மூன்று பேர் விழுந்தார்கள். புல்லைத் துப்பிக்கொண்டு அவரிடம் கேட்டேன். ஹோர்ஸ்ட் சொன்னார்: “ரோட் என்று கேட்டது. பதினான்கு என்றும் கேட்டது. யாருடைய வாயிலிருந்து வந்தது என்று பார்ப்பது என் வேலையில்லை.”

பேக்கரியில் ஒத்திகை

வேலையிலும் பயிற்சி செய்தேன். மாப் பிசைந்தபடியே ஒரு காலை “ரோட், பதினான்கு!” என்று கத்திவிட்டேன். ஜெர்மன் மொழியில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, ‘ப்ரோட்’ என்று பெயர். முன்கடையில் நின்ற முதலாளியம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்: “பதினாலு பாணும் கட்டியாயிற்று, வாங்குகிறவர் எங்கே?”

மழையில் தமிழ்

இரண்டு மூன்று போட்டிகளில் எங்கள் நிறங்கள் ஊருக்கே பாடமாகிவிட்டன. “உன் மொழியில் கத்து, ஒருவனுக்கும் விளங்காது” என்றார் மைக். ‘வலம்’, ‘இடம்’ இரண்டும் ஹோர்ஸ்டுக்கு ஒன்றாகவே கேட்டன. ஆகவே இடதுக்கு ‘இடம்’, வலதுக்குச் ‘சோத்துக்கை’ என்று வைத்தேன். மற்றவர்கள் ஒரு மாலையில் பிடித்துக்கொண்டார்கள். ஹோர்ஸ்ட் மணிக்கட்டில் ஒட்டிய வெள்ளை நாடாவில் பேனாவால் எழுதி, பக்கத்தில் அம்புக்குறியும் போட்டுக்கொண்டார். நான் கத்தியதும் கையைத் தூக்கி வாசிப்பார். வாசித்துவிட்டு, போகப்போகிற பக்கம் தலையைத் திருப்பிப் பார்ப்பார். எதிரிகளும் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்கு நான் கையால் காட்டியே தொலைத்திருக்கலாம்.

அடுத்த போட்டியில் மழை கொட்டியது. நான் “சோத்துக்கை!” என்று அலறினேன். ஹோர்ஸ்ட் நாடாவைப் பார்த்தார், துடைத்தார், மறுபடி பார்த்தார், அசையாமல் நின்றார். என்னைத் தூக்கிச் சேற்றில் போட்டார்கள். ஹோர்ஸ்ட் கை கொடுத்து எழுப்பும்போது கவலையோடு கேட்டார்: “நனையாத சொல் ஒன்று உன் மொழியில் இல்லையா?”

சத்தியம் செய்தவர்

பக்கத்து ஊரில் ஒரு போட்டி. ஹோர்ஸ்டும் அன்று ஒழுங்காகவே ஓடினார். ஆனால் நான் “இடம்” என்றால் எதிரிகள் எங்களுக்கு முதலே அங்கே நின்றார்கள். “சோத்துக்கை” என்றாலும் அப்படியே. இடைவேளையில் பார்த்தால், அவர்களுடைய பயிற்சியாளருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட தமிழ் ஆள் ஒருவர் நிற்கிறார்.

ஓடிப்போய், “அண்ணை, நீங்களோ சொல்லிக் குடுக்கிறியள்?” என்று கேட்டேன்.

“ஓம் தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் விளையாடுறான், பாக்க வந்தனான். நீர் என்ன கத்துறீர் எண்டு கேட்டாங்கள்.”

“கேட்டால் சொல்லுறதோ? நாங்கள் தமிழரெல்லே!”

அவர் முகம் சிவந்துவிட்டது. “தம்பி, நான் கோர்ட்டில சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன். காதில விழுந்ததைக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. சோத்துக்கைக்கு ‘சோறு தின்னுற கை, அதாவது வலது’ எண்டு விளக்கமும் குடுத்தனான்!”

நேராக ஒரு சொல்

மூன்றாவது வருடத்தின் கடைசிப் போட்டி. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். நாலு புள்ளி பின்னால் நிற்கிறோம். பந்தோடு எல்லையைத் தாண்டினால் ஆறு புள்ளி; அதற்கு இன்னும் மூன்று கஜ தூரம். இன்னும் ஒரேயொரு தடவை விளையாடத்தான் நேரமிருக்கிறது. திட்டம், ஹோர்ஸ்டுக்குப் பின்னால் வலது பக்கம் ஓடுவது. கோட்டுக்கு வந்து பார்த்தால் எதிரிகள் முழுப்பேரும் வலது பக்கம் குவிந்து நிற்கிறார்கள். மாற்ற வேண்டும். எந்தக் குறிச்சொல்லைச் சொன்னாலும் யாராவது ஒருவர் பிழைவிடுவார் என்று எனக்கு நிச்சயம். மூன்று வருட எரிச்சலும் தொண்டைக்கு வந்தது.

“இடது பக்கம்!” என்று பச்சை ஜெர்மனில் கத்தினேன். “எல்லாரும் இடது பக்கம் ஓடுங்கள்!”

ஏமாற்று வேலை என்று எதிரிகள் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை. பந்து கைக்கு வந்தது. எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் இடது பக்கம் போனார்கள். ஹோர்ஸ்ட் மட்டும் எருமைபோல வலது பக்கம் பாய்ந்தார். அத்தனை பெரிய மனிதர் போகிற பக்கம்தான் பந்தும் போகும் என்று எதிரிகளும் அவர் பின்னால் பாய்ந்தார்கள். இடது பக்கம் திறந்து கிடந்தது. நான் நடந்தே உள்ளே போயிருக்கலாம், ஆனாலும் ஓடினேன்.

என்னைத் தூக்கிவைத்துக் கத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே இறங்கியதும் ஹோர்ஸ்டைக் கட்டிப்பிடித்து, ஏன் வலது பக்கம் போனீர் என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்: “நீ வெளிப்படையாகச் சொன்னால் அது பொய்தானே? நீதானே எங்களை அப்படிப் பழக்கினாய்!”

ஆக, மூன்று வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியதில் எங்களைக் காப்பாற்றியது, சொந்த ஆளே நம்பாத ஒரேயொரு உண்மைதான்.