நாயகியின் சிவப்புப் பட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆரணியில் ஒரு வாசகர் சந்திப்பு. எந்தப் புத்தகத்துக்கு என்கிறீர்கள்? காமிக்ஸ்! முதுகில் சிவப்புப் பட்டு படபடக்க, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பறக்கும் சூப்பர் ஹீரோயின் தொடர். அதன் மூன்றாம் பாகம் வந்திருக்கிறது. சிறப்புப் பேச்சாளர் — அடியேன்தான்.

புத்தகத்தைப் படித்தேனா? இல்லை. அங்கங்கே புரட்டிப் படம் மட்டும் பார்த்தேன். தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் துணி மேல்தான் போகும். புத்தகத்தின் பின்பாதியில் நாயகியின் முதுகில் அந்தப் பட்டைக் காணோம். வெறும் சட்டையோடு பறக்கிறாள். ஆஹா, பேச ஒரு பாயின்ட் கிடைத்துவிட்டது!

மைக்கைப் பிடித்தேன். "பட்டு எங்கம்மா போச்சு? அடகு வெச்சிட்டியா? ஆரணிக்கு வா, தவணையில ஒண்ணு வாங்கித் தர்றோம்!"

அரங்கமே சிரித்தது. விசில் வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து வாசகர்கள் பேச வேண்டும். முதல் பெயர் மல்லிகா. தேவிகாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கூப்பிட்டதும் எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நான் பேசலைங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "பயப்படாதீங்கம்மா, சும்மா பேசுங்க" என்றேன், பெரிய மனிதத் தோரணையில்.

"பயம்லாம் இல்லீங்க சார். அவ ஒண்ணும் அடகு வெக்கல. சண்டையில செத்துப்போன புருஷன் மேல போத்திட்டா. கோடித்துணி போடக்கூட அங்க ஒருத்தரும் இல்ல. புக்குலயே கீதே... பாக்கலீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு போனப்ப நானும் என் கல்யாணப் பட்டைத்தான் போத்தி அனுப்பினேன். இருந்த ஒரே பட்டையும் எரிச்சிட்டியே, பைத்தியமா நீன்னு சொந்தக்காரங்க இன்னும் பேசிகினுதான் இருக்காங்க. இந்தக் கதையைப் படிச்சப்பதான், நான் செஞ்சது தப்பில்லன்னு தோணிச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க பேசினதுக்கு எல்லாரும் சிரிச்சாங்களா... சரி, விடுங்க."

அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க" என்றார். அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நம்மில் பலர் இப்படித்தான் — படிக்காத புத்தகத்துக்குத்தான் நம்மிடம் அட்டகாசமான விமர்சனம் இருக்கிறது!

கூட்டம் முடிந்ததும், வழக்கம்போல, எனக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார்கள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

எல்லோரோடும் சேர்ந்து மல்லிகாவும் கைதட்டினார்.